பாபியோபெடிலம் ராத்சைல்டியானம்

பாபியோபெடிலம் ராத்சைல்டியானம் என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த அரிய பூக்கும் தாவர இனமாகும். இது போர்னியோத் தீவின் வடபகுதியில், மலேசியாவின் சபா மாநிலத்தில் அமைந்துள்ள கினபாலு மலையைச் சூழ்ந்த மழைக்காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் இது காட்டுச் செடியாகக் காணப்படவில்லை. ஆங்கிலத்தில் இதனை ராத்சைல்டின் காலணி ஆர்க்கிட் என்றும் கினபாலுவின் தங்கம் என்றும் அழைப்பர். சபாவில் இதற்குச் சுமசாவ் ஆர்க்கிட் என்ற பெயரும் உண்டு. சுமசாவ் என்பது அம்மாநிலத்தின் கடசான் மக்கள் ஆடும் மரபு நடனமாகும். ஆடுவோர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, பறவை சிறகு விரிப்பது போல் அசைப்பர். இப்பூவின் இரு பக்க இதழ்களும் அவ்வாறே கிடைமட்டமாக நீண்டிருப்பதால் அப்பெயர் பெற்றது. ஆங்கிலப் பெயர்களைவிட இப்பெயரே பூவின் தோற்றத்தைச் சரியாக உணர்த்துகிறது.

ஆர்க்கிட் வளர்ப்போரிடையே மிகவும் போற்றப்படும் இனங்களுள் இதுவும் ஒன்று. பண்ணைகளிலும் கண்ணாடி வீடுகளிலும் ஏராளமாக வளர்க்கப்படும் இச்செடி, தன் சொந்த மலையில் அற்றுப்போகும் நிலையில் உள்ளது.

வகைப்பாடும் பெயரும்

ஆர்க்கிட் குடும்பத்தில் காலணி ஆர்க்கிட்கள் ஒரு தனித் துணைக்குடும்பம் ஆகும். இவற்றின் கீழ் இதழ் பை போலக் குழிந்து, முன்புறம் மூடிய செருப்பைப் போன்று தோன்றும். பெரும்பாலான ஆர்க்கிட் பூக்களில் வளமுள்ள மகரந்தப்பை ஒன்றே இருக்க, காலணி ஆர்க்கிட்களில் இரண்டு இருக்கின்றன. இத்துணைக்குடும்பத்தின் ஐந்து பேரினங்களுள் பாபியோபெடிலம் ஆசியாவிற்குரியது. இந்தியா, தென் சீனா முதல் தென்கிழக்காசியா வழியாக நியூ கினி, சாலமன் தீவுகள் வரை இது பரவியுள்ளது.

பாபியோபெடிலம் என்னும் பெயர் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. சைப்பிரசுத் தீவில் அப்ரோடைட்டி என்னும் காதல் தெய்வத்தின் கோயில் இருந்த பாபோசு நகரின் பெயர் முதற்பகுதி. பெடிலோன் என்பதற்குச் செருப்பு என்று பொருள். இரண்டாம் சொல்லான ராத்சைல்டியானம், பெரும் செல்வரும் ஆர்க்கிட் ஆர்வலருமான பெர்டினண்ட் டி ராத்சைல்டு (1839–1898) நினைவாக இடப்பட்டது.

செருமானியத் தாவரவியலாளர் ஐன்ரிக் குஸ்டாவ் ரைகன்பாக் 1888இல் இவ்வினத்தைச் சிப்ரிபீடியம் ராத்சைல்டியானம் என்ற பெயரில் விவரித்தார். அக்காலத்தில் காலணி ஆர்க்கிட்கள் பெரும்பாலும் சிப்ரிபீடியம் என்ற பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. 1892இல் இசுடைன் இதனைப் பாபியோபெடிலம் பேரினத்திற்கு மாற்றினார். இதே ஆண்டுகளில் சிப்ரிபீடியம் எலியாட்டியானம் என்ற பெயரிலும் இச்செடி விவரிக்கப்பட்டது. அது இன்று இணைப்பெயராக மட்டும் கருதப்படுகிறது. பழைய தோட்டக்கலை நூல்களைப் படிப்போர் அப்பெயரையும் காண நேரிடும்.

விவரிப்பு

இது தரையிலோ பாறை இடுக்குகளிலோ வளரும் பல்லாண்டுத் தாவரமாகும். பல ஆர்க்கிட்களைப் போல நீர் சேமிக்கும் போலிக்குமிழ் இதற்கு இல்லை. ஆகவே நீடித்த வறட்சியைத் தாங்கும் திறன் குறைவு. இலைகள் பட்டை வடிவில் விசிறி போல இருபுறமும் அடுக்காக அமைந்திருக்கும். ஓர் இலை சுமார் 60 செ.மீ. நீளம் வரை வளரும். அது பளபளப்பான பச்சை நிறமுடையது, புள்ளிகள் அற்றது.

ஒவ்வொரு தண்டுத்தளிரும் தன் வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பூத்தபின் அது மெல்ல நலிய, அடியிலிருந்து புதிய பக்கத்தளிர்கள் தோன்றிச் செடியைத் தொடரச் செய்யும். வாழை குலை தள்ளியபின் பக்கக்கன்று வளர்வதை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். வயது முதிர்ந்த செடி இவ்வாறு பல தளிர்கள் கொண்ட தூறாக விரியும்.

நிமிர்ந்து நிற்கும் பூந்தண்டு ஒன்றில் பொதுவாக இரண்டு முதல் நான்கு பூக்கள் தோன்றும். சில வேளைகளில் ஆறு வரை தோன்றுவதும் உண்டு. சில காலணி ஆர்க்கிட்களில் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் மலரும். இதில் எல்லாப் பூக்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விரிந்திருக்கும். பக்க இதழ்களின் நுனிக்கு நுனி அளந்தால் ஒரு பூ 30 செ.மீ. வரை அகலம் கொண்டதாக இருக்கலாம். மேற்புற புல்லி இதழ் வெளிர் மஞ்சள் அல்லது தந்த நிறத்தில், கருஞ்சிவப்பு நெடுங்கோடுகளுடன் காணப்படும். அடிப்புறமுள்ள இரு புல்லி இதழ்களும் ஒன்றாக இணைந்து, அதே கோடுகளைக் கொண்டிருக்கும். பக்கவாட்டில் நீளும் அல்லி இதழ்கள் குறுகியவை. புள்ளிகளும் கோடுகளும் நிறைந்தவை. பை போன்ற உதட்டிதழ் பொன்னிறத்தின்மேல் செவ்வூதா படர்ந்தது, முன்னோக்கி நீண்டது.

இதே தீவின் மற்றோர் இனமான பாபியோபெடிலம் சாண்டரியானத்தின் இதழ்கள் முறுக்கிய நாடாக்களைப் போல 90 செ.மீ. வரை தொங்கக்கூடியவை. அளவில் அது வியப்பூட்டும். ஆயினும் வடிவ ஒழுங்கிலும் நிமிர்ந்த தோற்றத்திலும் ராத்சைல்டியானத்தையே மேலாகக் கருதும் ஆர்வலர் பலர்.

வாழிடம்

கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சி கருங்கல்லால் ஆனது. மலையின் அடிவாரத்தையும் இடைச்சரிவுகளையும் சுற்றி, அல்ட்ராமாபிக் எனப்படும் வேறு வகைப் பாறைகள் ஆங்காங்கே திட்டுத்திட்டாக வெளிப்பட்டுள்ளன. புவியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகத்திலிருந்து வந்த இப்பாறைகள் சிதைந்து உருவாகும் மண்ணில் மக்னீசியமும் நிக்கலும் மிகுதி. கால்சியம், பொட்டாசியம், பாசுபரசு போன்றவை குறைவு. பெரும்பாலான தாவரங்களுக்கு இது நச்சு மண்ணுக்கு ஒப்பானது. அதைத் தாங்கப் பழகிய செடிகள் மட்டுமே அங்கு செழிக்கின்றன. போட்டி குறைந்த அந்த இடமே அவற்றுக்குப் புகலிடமாகவும் அமைந்துவிடுகிறது. கினபாலுவில் 700க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் வளர்வதற்கு, உயரத்திற்கு ஏற்ப மாறும் தட்பவெப்பத்தோடு இம்மண் வேறுபாடும் ஒரு காரணமாகும்.

ராத்சைல்டியானம் சுமார் 500 முதல் 1,200 மீட்டர் வரை உயரமுள்ள பகுதிகளில், இவ்வகை மண் கொண்ட செங்குத்தான சரிவுகளிலும் பாறை விளிம்புகளிலும் வளர்கிறது. அடர்ந்த நிழலை இது விரும்புவதில்லை. மரங்கள் குட்டையாகவும் இடைவெளியுடனும் நிற்கும் இடங்களில் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும்போது நன்கு பூக்கும். ஏற்ற உயரம், ஏற்ற மண், ஏற்ற ஒளி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்கள் கினபாலுவிலேயே மிகச் சிலதான். இவ்வினம் மனிதன் தலையிடுவதற்கு முன்பும் ஏராளமாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

மகரந்தச் சேர்க்கை

இப்பூவில் தேன் இல்லை. ஈக்கு இது வேறெந்தப் பயனையும் அளிப்பதில்லை. ஏமாற்றித்தான் அதனை வரவழைக்கிறது.

பூவின் நடுவில், பையின் வாயிலுக்கு மேலே, மலட்டு மகரந்தத்தாள் எனப்படும் ஒரு தகடு உள்ளது. இதன் ஓரங்களில் சுரப்பி மயிர்கள் நெருக்கமாக அமைந்து, அசுவினிப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் சிர்பிடு வகை ஈக்களில் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்று வளர்பவை. ஆகவே தாய் ஈ அசுவினிக் கூட்டத்தைத் தேடிப்பிடித்து அதனருகில் முட்டையிடும். அமெரிக்கத் தாவரவியலாளர் சான் அட்வுட் கினபாலுவில் இப்பூக்களை நேரில் கவனித்து, தைடியாப்சிசு ஈக்ரோட்டா என்னும் ஈ இவற்றை நாடி வருவதையும், அந்த மலட்டுத் தகட்டின் மீதே முட்டையிடுவதையும் 1985இல் வெளியிட்டார்.

முட்டையிட வந்த ஈ தடுமாறிப் பைக்குள் விழுந்தால், வழுக்கும் உட்சுவரில் ஏறி வந்த வழியே திரும்ப இயலாது. பையின் பின்புறச் சுவரில் மட்டும் ஏறுவதற்கு ஏற்ற மயிர்கள் உள்ளன. அவ்வழியே மேலேறும் ஈ முதலில் சூலகமுடிக்கு அடியில் நுழைய வேண்டும். பின்னர் இருபுறமும் உள்ள சிறு திறப்புகளில் ஒன்றின் வழியே, மகரந்தப்பையை உரசிக்கொண்டு வெளியேற வேண்டும். பசை போன்ற மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதே ஈ இன்னொரு பூவிலும் ஏமாந்தால், சூலகமுடியை முதலில் கடப்பதால் அம்மகரந்தம் அங்கே சேர்ந்துவிடும். முதலில் சூலகமுடி, பிறகு மகரந்தப்பை என்ற இந்த வரிசையால், ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே பெறுவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

பூவில் இடப்பட்ட முட்டைகளிலிருந்து புழுக்கள் வெளிவந்தாலும் அவற்றுக்கு அங்கே இரை கிடையாது, அவை மடிந்துபோகும். ஏமாற்றும் பூக்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை இதற்கும் உண்டு. ஒரே ஈ இருமுறை ஏமாந்தால்தான் காய் பிடிக்கும் என்பதால், காட்டில் காய்ப்பு மிகக் குறைவு. செடிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிவிட்டால் அவ்வாய்ப்பு மேலும் அருகிவிடும். ஒரு சரிவிலிருந்து பத்துச் செடிகளைப் பிடுங்கிச் சென்றால் எஞ்சிய செடிகளும் இனம் பெருக்கும் வாய்ப்பை இழக்கக்கூடும்.

விதையும் வளர்ச்சியும்

காய் முற்றியதும் தூசு போன்ற எண்ணற்ற நுண்விதைகள் காற்றில் பரவும். நெல்லிலோ பயற்றிலோ உள்ளதைப் போல இவ்விதைக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையின் இழைகள் விதைக்குள் புகுந்து உணவளித்தால்தான் முளைக்கும். இயற்கையில் மிகப்பெரும்பாலான விதைகள் வீணாகின்றன. முளைத்த செடி பூக்கும் பருவத்தை அடையக் காட்டில் 15 ஆண்டுகள் வரை ஆகலாம் என்பர்.

1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிசு நட்சன், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த களியில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று பண்ணைகளில் விற்கப்படும் ராத்சைல்டியானம் செடிகள் இம்முறையின் வழிவந்த குடுவை வளர்ப்பிலேயே உருவாகின்றன. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலனாப்சிசு ஆர்க்கிட்டைத் திசு வளர்ப்பு மூலம் ஆயிரக்கணக்கில் படியெடுப்பது எளிது. பாபியோபெடிலம் அவ்வாறு எளிதில் இணங்குவதில்லை. ஆகையால் இதனைப் பெருக்க விதையையோ தூறு பிரித்தலையோதான் பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

கண்டுபிடிப்பும் மறைக்கப்பட்ட இருப்பிடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் செல்வரிடையே ஆர்க்கிட் மோகம் உச்சத்தில் இருந்தது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்சு நகரில் பெரும் பண்ணை நடத்திய பிரெடெரிக் சாண்டர், உலகின் பல மூலைகளுக்கும் செடி சேகரிப்போரை அனுப்பி வந்தார். அவரது பண்ணை வழியாகவே 1887இல் இச்செடி ஐரோப்பாவிற்கு அறிமுகமானது.

போட்டிப் பண்ணைகள் பின்தொடராதிருக்க, இது நியூ கினியிலிருந்து வந்தது என்று கூறப்பட்டது. நியூ கினி கினபாலுவிலிருந்து கடல் கடந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆர்க்கிட் வணிகத்தில் இத்தகைய பொய் முகவரிகள் அன்று வழக்கமானவையே. பெல்சியத்திலும் இச்செடி நியூ கினியைக் குறிக்கும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. தாவரவியலாளர்களும் வணிகர் கூறியதையே எழுதி வைத்தனர். அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பெயரிட்ட ரைகன்பாக்கும் மறு ஆண்டே, 1889இல் காலமானார். தம் உலர்தாவரத் தொகுப்பை வியன்னா அருங்காட்சியகத்திற்கு வழங்கிய அவர், அதனை 25 ஆண்டுகள் திறக்கக்கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். அதனால் பிற ஆய்வாளர்கள் அவர் விவரித்த ஆர்க்கிட்களின் மூலச் சான்றுகளைப் பார்க்க ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க நேர்ந்தது.

இதன்பின் நெடுங்காலம் ராத்சைல்டியானத்தைக் காட்டில் யாரும் பார்த்ததாகச் செய்தி இல்லை. கண்ணாடி வீடுகளில் இருந்த பழைய செடிகளின் பிரிவுகள் மட்டுமே கைமாறி வந்தன. 1959இல் கினபாலுவின் சரிவில் இது மீண்டும் கண்டறியப்பட்டது. வணிகப் பொய் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இச்செடியைக் காத்தது என்றும் ஒருவர் வாதிடலாம். உண்மையான இடம் தெரிந்தபின்னரே புதிய செடிகளுக்கான வேட்டை தொடங்கியது.

அழிவு அச்சுறுத்தல்கள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனம் என வகைப்படுத்தியுள்ளது. முதன்மையான காரணம் சேகரிப்போரின் திருட்டு ஆகும். செடி ஒன்றைப் பிடுங்கச் சில நொடிகள் போதும். ஈடு செய்யப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

கினபாலு பூங்கா 1964இல் நிறுவப்பட்டு, 2000இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அல்ட்ராமாபிக் பாறைத் திட்டுகள் அனைத்தும் பூங்காவின் எல்லைக்குள் அடங்குவதில்லை. கனிமங்கள் நிறைந்த இத்தகைய மலைப்பகுதி சுரங்கத் தொழிலையும் ஈர்க்கிறது. மலையின் தென்கிழக்கில் மாமுட் என்னுமிடத்தில் தாமிரச் சுரங்கம் ஒன்று 1975 முதல் 1999 வரை இயங்கியது. அதற்காகப் பூங்காவின் ஒரு பகுதி எல்லையிலிருந்து நீக்கப்பட்டது. வேளாண்மைக்காகக் காடு அழிக்கப்படுதலும், எல் நினோ ஆண்டுகளின் வறட்சியும் காட்டுத்தீயும் பிற அச்சுறுத்தல்கள். 1982–83, 1997–98 ஆகிய ஆண்டுகளில் சபாவின் காடுகள் பெருமளவில் தீக்கிரையாயின.

பாபியோபெடிலம் பேரினம் முழுவதும் 1990 முதல் சைட்டிசு உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. காட்டிலிருந்து எடுத்த செடிகளை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வது இதன்படி தடைசெய்யப்பட்டதாகும். குடுவையில் வளர்த்த நாற்றுகளுக்குக் குறிப்பிட்ட விலக்கு உண்டு. சட்டம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குச் சில வழக்குகள் சான்றாகும். 2004இல் இலண்டன் ஈத்ரோ வானூர்தி நிலையத்தில் காலணி ஆர்க்கிட்கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட்களை உரிமமின்றிக் கொண்டுவந்த ஒருவருக்கு 2006இல் நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இச்செடியின் ஒரு தண்டு 5,000 அமெரிக்க டாலருக்கு விற்கப்படுவதாக இணையத்தில் பரவலாகக் காணப்படும் செய்தியை அப்படியே ஏற்பதற்கில்லை. போட்டிகளில் பரிசு பெற்ற சில செடிகளின் பிரிவுகள் பெருந்தொகைக்கு விலைபோவது உண்மையே. ஆனால் விதை வழி வளர்த்த இளஞ்செடிகள் அதனோடு ஒப்பிட இயலாத குறைந்த விலைக்குப் பண்ணைகளில் சட்டப்படி கிடைக்கின்றன. மிகைப்படுத்திய விலைச் செய்திகள் காட்டுத் திருட்டுக்கு ஆசை காட்டவே உதவும்.

பாதுகாப்பு முயற்சிகள்

கினபாலு பூங்காவைச் சேர்ந்த போரிங் பகுதியில் ஆர்க்கிட் பாதுகாப்பு மையம் ஒன்று உள்ளது. காட்டு விதையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த நாற்றுகளைச் சபாவிற்கே திருப்பிக் கொண்டுவந்து நடும் முயற்சி 1980களில் மேற்கொள்ளப்பட்டு, அதுபற்றிய கட்டுரை 1988இல் அமெரிக்க ஆர்க்கிட் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

பண்ணைச் செடிகள் ஏராளமாக இருக்கும்போது அவற்றைக் காட்டில் நட்டால் போதாதா என்று கேட்கலாம். இதில் சில தடைகள் உள்ளன. பண்ணையில் வளரும் செடிகளுள் பெரும்பகுதி, ரெக்சு, மான்ட் மிலே போன்ற புகழ்பெற்ற சில தாய்ச்செடிகளின் வழிவந்தவை. பல தலைமுறைகளாகப் பெரிய பூவும் அடர்ந்த நிறமும் வேண்டித் தேர்ந்தெடுத்துக் கலக்கப்பட்டவை. வெளிநாட்டுக் கண்ணாடி வீடுகளின் நோய்க்கிருமிகள் அவற்றோடு மலைக்குள் நுழையவும் கூடும். நட்ட செடி பிழைத்தாலும், அடுத்த தலைமுறைக்குத் தேவையான பூஞ்சையும் ஈயும் அதே சரிவில் இருத்தல் வேண்டும். இவ்வளவும் கைகூடினாலும் நட்ட இடம் வெளியே தெரிந்துவிட்டால் பயனில்லை. எஞ்சியுள்ள செடிகளின் இருப்பிடங்கள் பொதுவெளியில் குறிப்பிடப்படாமல் இருப்பதும், ஆய்வுக் கட்டுரைகள் அவற்றை மேலோட்டமாகவே சுட்டுவதும் இதனால்தான்.

வளர்ப்பும் கலப்பினங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இவ்வினம் கலப்பினப் பெருக்கத்தில் பெற்றோராகப் பயன்பட்டு வருகிறது. இதன் நிமிர்ந்த பூந்தண்டும் கோடிட்ட புல்லி இதழும் கலப்பினங்களிலும் தெளிவாக வெளிப்படும். பிலிப்பினென்சுடன் கலந்து செயின்ட் சுவிதின், இசுடோனையுடன் கலந்து லேடி இசபெல், சாண்டரியானத்துடன் கலந்து பிரின்சு எட்வர்டு ஆப் யார்க், வியட்நாமின் இளஞ்சிவப்பு டெலனாட்டையுடன் கலந்து டெல்ரோசி ஆகியவை உருவாக்கப்பட்டன.

வளர்ப்பில் நல்ல வெளிச்சம், காற்றோட்டம், எப்போதும் சற்று ஈரமாக ஆனால் நீர் தேங்காத வளர்ப்பூடகம் ஆகியவை தேவை. நன்கு பேணினாலும் நாற்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். இளம் தளிர்கள் பிரிக்கப்படுவதை இச்செடி விரும்புவதில்லை என்பதால், அனுபவமுள்ளோர் தூறு பெருகும்வரை அதனைப் பிரிக்காமல் விட்டுவிடுவர்.

தென்னிந்திய உறவினம்

இப்பேரினத்தின் ஒரேயோர் இனம் மட்டும் தென்னிந்தியாவில் உண்டு. பாபியோபெடிலம் துரூரி எனப்படும் அது, தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள அகத்தியமலைப் பகுதிக்கு மட்டுமே உரியது. இந்தியாவின் பிற பாபியோபெடிலம் இனங்கள் யாவும் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவை. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு கொண்ட துரூரியும் 1870களில் விவரிக்கப்பட்டபின் சேகரிப்போரால் பெருமளவில் அகற்றப்பட்டு, காட்டில் அற்றுவிட்டதாகக் கருதப்பட்டது. 1972இல் அது மீண்டும் கண்டறியப்பட்டது. கேரளத்தின் பாலோடு நகரிலுள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதனை ஆய்வகத்தில் பெருக்கி மலைக்குத் திருப்பும் பணியில் ஈடுபட்டுள்ளது.